மரை கழன்ற கதை

ஒருவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டால் "மரை கழன்றுவிட்டது" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த பேச்சு இது. ஆணியின் மேலும் துளையின் உள்ளும் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளந்தான் மரை. அது போய்விட்டால் ஆணியைத் திருகலாம், திருகிக்கொண்டே இருக்கலாம், பிடிக்காது.

ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ல் ஒரு யோசனை சொன்னார். அதுவரை தொழிற்சாலைக்கு ஒரு மரை. அவர் பல இடத்து ஆணிகளைத் திரட்டிப் பார்த்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மரையை வகுத்தார்: அளவு அங்குலம், பள்ளத்தின் கோணம் 55 பாகை. ஆங்கிலேய யந்திரம் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. பிரெஞ்சுக்காரருக்கு அங்குலம் ஆகாது. 1898 அக்டோபரில் ஜூரிச்சில் கூடிய மகாநாடு மில்லிமீட்டர் மரையை ஏற்றது. அதன் கோணம் 60 பாகை.

அதே 1898-ல்தான் பேரளத்திலிருந்து பிரெஞ்சு காரைக்காலுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நடத்தியது ஆங்கிலேயரின் தென்னிந்திய ரயில்வே. தண்டவாளத்தின் அகலமோ ஒரு மீட்டர்! 1870 வாக்கில், இந்தியா சீக்கிரமே மீட்டர் அளவைக்கு மாறிவிடும் என்று சர்க்கார் நம்பியதன் மிச்சம் அது. பாதை பிரெஞ்சு அளவு. அதன் மேல் ஓடிய எஞ்சினின் ஆணிகள் அங்குலம். காரைக்கால் எல்லையில் பிற்காலத்தில் மூட்டையைப் பிரித்துச் சுங்கம் பார்த்தார்கள். மரையைப் பார்த்தவர் யார்?

பார்த்தாலும் தெரியாது, ஐயா! பதினாறில் ஐந்து அங்குல ஆணியின் கனம் 7.94 மில்லிமீட்டர். பக்கத்தில் 8 மில்லிமீட்டர் ஆணியை வையுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரைக்கு மரை இடைவெளி முன்னதில் 1.41, பின்னதில் 1.25. அங்குல ஆணியை மில்லிமீட்டர் துளையில் விட்டால் இரண்டு சுற்று சாதுவாகப் போகும்; பிறகு முரண்டு பிடிக்கும். துளை இரும்பில் இருந்தால் இரும்பும் எதிர்த்து நிற்கும், ஆள் நிறுத்திவிடுவான். அலுமினியம் அப்படியல்ல. மெத்தென்று வழிவிடும். ஸ்பானரை இன்னும் ஓர் அழுத்து அழுத்தினால் உள்மரை முழுவதும் வெள்ளி இழையாக ஆணியோடு வெளியே வந்துவிடும். ஒரு துளைக்காக எஞ்சின் தலையையே தூக்கி எறிவதா?

பழைய உபாயம், துளையைப் பெரிதாக்கிப் பெரிய ஆணி போடுவது. ஒரு தடவை செய்யலாம். மறுபடியும் செய்தால் சுவர் மெலிந்து வெடிக்கும். அதைவிட மேல், லேத்தில் பித்தளை புஷ் கடைந்து, உள்ளும் புறமும் மரை வெட்டி இறக்குவது. எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள். இரண்டாம் உலக யுத்தத்து விமான எஞ்சின்களால் பரவியது. துளையைச் சற்றே அகலமாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுச் சுருளை முறுக்கி இறக்கி, அடியிலுள்ள சிறு நாக்கை ஒடித்துவிடுவார்கள். சுருள் துளையைவிடக் கொஞ்சம் பெரிது. ஆகையால் விரிந்து கவ்விக்கொள்ளும். பளு எல்லாச் சுற்றுக்கும் பகிர்ந்து போவதால், போன மரையைவிட வந்த மரைக்குப் பலம் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை. 1955-ல் சென்னைக்கு வந்த என்ஃபீல்டு புல்லட், ஆங்கிலேய வண்டி. ஆணிகளும் ஆங்கில அளவு. ஆனால் அதன் அலுமினியத் தலையில் ஸ்பார்க் பிளக் இறங்கும் துளை 14 மில்லிமீட்டர்! பிளக்குக்கு மில்லிமீட்டர் மரையைப் பழக்கிவிட்டது டி டியோன் பூத்தோன் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. ஆங்கிலேயரும் அதற்குத் தலை வணங்கினர். சூடு ஆறுமுன் பிளக்கைக் கழற்றும் அவசரக்காரர்களால் அடிக்கடி மரை போவதும் அந்தத் துளையில்தான்.

காரைக்காலில் பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் முடிந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16-ல். இடையில், 1956-ல், நம் பார்லிமெண்டே மீட்டர் அளவைக்குச் சட்டம் செய்துவிட்டது. போனவர்களின் அளவு ஊரெல்லாம் வந்தது. இரும்புக் கடை டப்பாக்களில் மட்டும் அங்குலமும் மில்லிமீட்டரும் பல வருஷம் கலந்தே கிடந்தன. விவரம் தெரிந்த மெக்கானிக், ஆணியை விரலாலேயே நாலு சுற்று உள்ளே விட்டுப் பார்த்துத்தான் ஸ்பானரைத் தொடுவான்.