உப்பும் கல்லும்

பதுளையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையே அமைந்துள்ளது லுணுகலை. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இம்மலையூரின் பெயரைச் சிங்களச் சொற்களாகப் பிரித்தால், 'லுணு' என்பது உப்பு. 'கல' என்பது கல். முருகையின் வரலாறும் இவ்விரு சொற்களுள் அடங்கும். உப்புநீரிலிருந்து கல்லை ஆக்கும் சிற்றுயிரே முருகை. கடல்நீரில் கரைந்துள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் இணைத்து அது தன் இல்லத்தைக் கட்டுகிறது.

லுணுகலை போன்ற மலையூர் ஒன்றில் கண்ணாடித் தொட்டியில் முருகை வளர்க்க விரும்புவோர், நன்னீரில் உப்பைக் கரைத்துத் தாமே கடலை ஆக்கவேண்டும். ஆக்கிய நீர் முருகைக்கு ஏற்றதா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு சென்றது.

கடலுக்கு அப்பால் இருந்த இலண்டன் மாநகரில், 1854ஆம் ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கை நூலறிஞர் நான்கு உப்புகளைக் கொண்டு செயற்கைக் கடல்நீர் செய்தார். கடற்பாசிகளும் சிற்றுயிர்களும் அதில் வாழ்ந்தன. ஆயினும், சுண்ணாம்பு உப்புகள் கடலில் மிகச் சிறிதளவே உள்ளன என்று கருதி, அவற்றை அவர் தம் கலவையிற் சேர்க்கவில்லை. அவர் விட்டுவிட்ட அச்சிறு பொருளே முருகைக்கு உயிர்நாடி.

பின்னர், 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சலஞ்சர்' கப்பல் கொணர்ந்த நீர் மாதிரிகளுள் 77ஐ வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்தார். 1884இல் வெளிவந்த அவர் முடிவு வியப்புக்குரியது. கடலின் உவர்ப்புக் கூடினும் குறையினும், அதிலுள்ள முக்கிய உப்புகளின் விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே குளோரைட்டு ஒன்றை அளந்தால், ஏனையவற்றைக் கணக்கிட்டு அறியலாம்.

பெருங்கடலுக்குப் பொருந்தும் இவ்விதி சிறு தொட்டிக்குப் பொருந்துமா? பொருந்தாது. 1956ஆம் ஆண்டு நூமெயா நகரில் ரெனே கத்தலா நிறுவிய காட்சிச்சாலையில் முருகைகள் செழித்தன. ஆனால் அங்கே அருகிலிருந்த கடலின் நீர் இடையறாது பாய்ந்தது. அடைபட்ட தொட்டியிலோ முருகை நாள்தோறும் சுண்ணாம்பை உண்டு வளர, நீர் வறுமையுறுகிறது. உவர்ப்பு மானி அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், முருகையோ மெலிந்துகொண்டிருக்கும்.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். இயற்கைக் கடல்நீர் ஒரு இலீற்றரில் ஏறத்தாழ 410 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அமிலத்தைத் தாங்கும் ஆற்றலாகிய காரத்தன்மை 2.3 மில்லிச் சமவலு மட்டுமே. முருகை ஒரு மில்லிச் சமவலுக் காரத்தன்மையை எடுக்கும்போது கல்சியம் 20 மில்லிகிராமே குறையும். அதாவது, கல்சியத்தில் இருபதில் ஒரு பங்கு போவதற்குள் காரத்தன்மையிற் பாதிக்குச் சற்றுக் குறைவானது போய்விடும். எனவே அடிக்கடி சோதிக்கவேண்டியது காரத்தன்மையையே.

சோதனை எளிது. அளந்த நீரில் நிறங்காட்டியை இட்டு, நிறம் மாறும் வரை அமிலத்தைத் துளி துளியாகச் சேர்த்து, துளிகளை எண்ணுதலே முறை. கல்சியத்தையும் இவ்வாறே துளியெண்ணி அறியும் வழியை, 1940களில் சூரிச் நகரத்து கெரோல்ட் சுவார்சன்பாக் வகுத்தார். நீரின் அமிலகார நிலையைக் குறிக்கும் பீ.எச். எண்ணை 1909இல் தந்தவர் டென்மார்க்கு நாட்டுச் சோரன்சன். இரவில் உயிர்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டினால் விடியலில் இவ்வெண் தாழும், பகலில் உயரும். ஆதலால் நாள்தோறும் ஒரே வேளையில் அளந்து குறித்து வைத்தல் வேண்டும். ஆவியாகிப் போவது நீரேயன்றி உப்பன்று. குறையை நன்னீரால் நிரப்புவதே முறை.

இச்சிறு தொட்டியின் பாடம் பெருங்கடலுக்கும் உரியதாகிவிட்டது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் நெடுங்காலம் முருகைக் கற்களை வெட்டிச் சூளையிட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையின் முருகைகளிற் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. கைத்தொழிற் புரட்சிக்குப் பின் காற்றில் பெருகிய காபனீரொட்சைட்டு கடலிற் கரைந்து, மேற்பரப்பு நீரின் பீ.எச். எண்ணை ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1 ஆகத் தாழ்த்தியுள்ளது. எண்ணிற் சிறிதாயினும், ஐதரசன் அயன்கள் நூற்றுக்கு முப்பது அளவில் மிகுந்துள்ளன என்பதே அதன் பொருள். நீர் புளிக்கப் புளிக்கக் கல்லைக் கட்டும் தொழில் முருகைக்குக் கடினமாகிறது.

தொட்டியில் நீர் கெட்டால் அதை மாற்றிவிடலாம். மாற்றி ஊற்றுவதற்கு வேறொரு கடல் இல்லை.