டீச்சரின் தாடையும் ஒரு பல் தட்டின் வரலாறும்

சுபஹுக்கு எழும்பினால் வாயைத் திறக்க முடியவில்லை, காதடியில் 'டக்' என்று சத்தம் கேட்கிறது என்று எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கன நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காது நோ என்று நினைத்து மருந்தும் விட்டுப் பார்த்தார். கடைசியில் தாடை மூட்டில்தான் கோளாறு என்று தெரிந்தது. ஒரு பல் வைத்தியர் இரவில் ஸ்பிளின்ட் தட்டுப் போடச் சொன்னார். இன்னொருவர், பற்களை ராவிக் கடியைச் சரிசெய்தால்தான் சுகமாகும் என்றார். டீச்சர் குழம்பிப்போனார். வைத்தியம் நமக்குத் தெரியாது. வரலாறு கொஞ்சம் தெரியும், அதைத் தேடிப் பார்த்தோம்.

பல் தட்டு முதலில் உடைந்த தாடைக்காக வந்தது. 1865இல் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் வில்லியம் சேவர்ட் குதிரை வண்டி விபத்தில் தாடை உடைந்து கிடந்தார். அவருக்கு நியூயோர்க் பல் வைத்தியர் தோமஸ் கன்னிங் கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பரில் ஸ்பிளின்ட் செய்து பொருத்தினார். 1901இல் வியன்னாவின் கரோலி, இரவில் பல் நறுமுகிறவர்களுக்குத் தட்டுப் போடலாம் என்று எழுதினார்.

தாடை மூட்டைப் பிரபலமாக்கியவர் பல் வைத்தியரே அல்ல. 1934இல் சென்லூயிஸ் நகரின் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் ஜேம்ஸ் கொஸ்டன் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காது நோ, காதிரைச்சல், தலைச்சுற்று எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: கடைவாய்ப் பற்கள் இல்லாததால் தாடை அளவுக்கு மேல் மூடி, மூட்டு பின்னால் போய் நரம்புகளை அழுத்துகிறது. ஆகவே கடியை உயர்த்த வேண்டும். நோய்க்கு அவர் பெயரே வைத்தார்கள். 1948இல் உடற்கூற்றியலாளர் சிச்சர், அந்த மூட்டு அப்படி நரம்பை அழுத்த வழியில்லை என்று காட்டினார். விளக்கம் விழுந்தது, சிகிச்சை விழவில்லை! கடியைத் திருத்துகிறோம் என்று எத்தனையோ பேரின் நல்ல பற்களை ராவினார்கள்.

நமக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். 1972இல் கிரீன், லஸ்கின் என்ற இருவர் மூன்று வகைத் தட்டுகளை ஒப்பிட்டார்கள். அதில் ஒன்று வெறும் போலி. அண்ணத்தை மட்டும் மூடும், பற்களுக்கு நடுவே வராது. அதைப் போட்டவர்களிலும் ஒரு பகுதியினருக்கு நோ குறைந்தது. முழுத் தட்டுத்தான் கூடுதலாக உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். 1976இல் அதே குழு 25 பேருக்குப் பல்லை ராவுவதுபோல நடித்தது. உண்மையில் கடியில் எதையும் மாற்றவில்லை. 16 பேர் ஏறத்தாழ முற்றாகச் சுகம் என்றார்கள்!

இதை டீச்சரிடம் சொன்னோம். தட்டைக் கழற்றி வைக்கலாம், ராவிய பல் திரும்ப வளராது என்றும் சொன்னோம். 2023இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, நாட்பட்ட தாடை நோவுக்குத் தாடைப் பயிற்சியையும் மனப் பழக்கச் சிகிச்சையையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. கழற்றக்கூடிய தட்டையே அவ்வளவாக ஆதரிக்கவில்லை.

டீச்சர் ராவுவதை மறுத்துவிட்டார். பயிற்சி செய்கிறார், இரவில் தட்டும் போடுகிறார். இப்போது நோ குறைவாம். தட்டாலா, பயிற்சியாலா, தவணை விடுமுறை வந்ததாலா என்று அவருக்கே தெரியவில்லை.