மாடு மேய்க்கப் போன பையன்கள்

கணக்கு தப்பாப் போட்டா எங்க வாத்தியார் சொல்ற ஒரே வசனம், "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு". உங்க வாத்தியாரும் இதையேதான் சொல்லியிருப்பார். நமக்கு அது திட்டு. ஆனா தெற்கு ஆப்பிரிக்காவுல ஒரு குட்டி நாட்டுல பையன்களுக்கு அதுதான் நிஜமான வாழ்க்கையாவே இருந்துச்சு. பையன் மாட்டோட மலைக்குப் போவான், அக்கா தங்கச்சி பள்ளிக்கூடம் போவாங்க.

லெசோத்தோவைச் சொல்றேன். நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காவே சூழ்ந்திருக்கிற மலை நாடு. 1966 வரைக்கும் பசுட்டோலாந்துங்கிற பேர்ல பிரிட்டிஷ்காரன் கையில இருந்தது.

ஆப்பிரிக்காவுல பெண் கல்வின்னதும் நமக்கெல்லாம் ஒரே படம்தான் மனசுல ஓடும்: பொண்ணு தண்ணிக் குடத்தோட நிக்கிறா, பையன் புத்தகப் பையோட போறான். பல நாடுகளுக்கு இது உண்மையும்கூட. சாட் நாட்டுல இன்னிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கு வர்ற பொண்ணுங்க பையன்களைவிட ரொம்பக் குறைச்சல். சின்ன வயசுலயே கல்யாணம், தூரத்துப் பள்ளிக்கூடம், வீட்டு வேலைன்னு காரணங்கள் நமக்குப் பழகினவைதான். காலனி காலத்துக்குப் போனா இன்னும் மோசம். பிரெஞ்சுக்காரங்க மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஆம்பளை வாத்தியார்களையும் குமாஸ்தாக்களையும் உருவாக்க செனகல்ல வில்லியம் போன்ட்டி பள்ளியை 1900களின் ஆரம்பத்துலயே வெச்சுட்டாங்க. பொண்ணுங்களுக்கு அப்படி ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ருஃபிஸ்க் நகரத்துல வந்தது 1938லதான். அங்கே படிச்ச மரியாமா பா பின்னாடி பெரிய நாவலாசிரியை ஆனாங்க. ஆக, முப்பது வருஷத்துக்கும் மேல தாமதம்.

லெசோத்தோவுல மட்டும் கதை எப்படித் தலைகீழாச்சு?

1833ல மன்னர் மொஷ்வேஷ்வே காலத்துல பாரிஸ்லேர்ந்து புராட்டஸ்டன்ட் பாதிரிமார் வந்தாங்க. மொரிஜாவுல பள்ளி, அப்புறம் அச்சுக்கூடம்னு வளர்ந்தது. பள்ளிக்கூடம் இருந்துச்சு, ஆனா யாரு போறது? பசோத்தோ மக்களுக்கு மாடுதான் சொத்து. கல்யாணத்துக்குப் பரிசமே மாட்டுக் கணக்குலதான். அந்த மாட்டை மேய்க்கிறது பையனோட வேலை, பொண்ணுக்கு அந்த வேலை கிடையாது. அஞ்சாறு வயசுலயே பையன் குச்சியும் கம்பளியுமா கிளம்பிடுவான். கோடையில மலை உச்சிப் பட்டியிலயே மாசக்கணக்குல தங்கிடுவான்.

வளர்ந்த பிறகாவது படிப்பு தேவைப்பட்டதான்னா, அதுவும் இல்லை. 1870கள்ல கிம்பர்லி வைரச் சுரங்கம், 1886க்கு அப்புறம் ஜோகன்னஸ்பர்க் பக்கம் தங்கச் சுரங்கம். பூமிக்கடியில பாறை உடைக்க யாரும் சர்ட்டிபிகேட் கேக்கல. 1990 வாக்குல ஒரு லட்சத்துக்கும் மேல லெசோத்தோ ஆம்பளைங்க அந்தச் சுரங்கங்கள்ல இருந்தாங்க. ஊர்ல மிச்சம் இருந்த பொம்பளைங்கதான் வயலைப் பாத்தாங்க, சர்ச்சுக்குப் போனாங்க, டீச்சரானாங்க. இன்னிக்கும் அங்கே எழுத்தறிவுல பெண்கள்தான் ஆண்களைவிட மேல.

1990கள்ல சுரங்கங்கள் ஆட்களைக் கும்பல் கும்பலா வெளியே அனுப்பினப்போதான் இதோட வலி தெரிஞ்சது. ஊர் திரும்பின ஆம்பளைக்கு மாடும் தெரியும், பாறையும் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. 2000க்கு அப்புறம் அமெரிக்கச் சந்தைக்காக முளைச்ச தையல் ஆலைகள் பெரும்பாலும் பொண்ணுங்களைத்தான் எடுத்துச்சு.

இப்ப கொஞ்சம் கணக்கு (வாத்தியார் மன்னிக்கணும் :-)). இந்த விஷயத்தை அளக்க 'பாலின சமத்துவக் குறியீடு'ன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பொண்ணுங்களோட சேர்க்கை விகிதத்தைப் பையன்களோடதால வகுக்கணும். 0.97லேர்ந்து 1.03க்குள்ள வந்தா சமம். 2000ல டக்கார்ல கூடின உலகக் கல்வி மாநாடு, 2005க்குள்ள எல்லா நாடும் இதை எட்டணும்னு சொல்லிச்சு. எட்டல. எனக்கு இந்தக் கணக்குமேலயே ஒரு சந்தேகம் உண்டு. ரெண்டு பேருமே ஒரே அளவுக்குக் குறைவாப் பள்ளிக்கூடம் போனாலும் விடை ஒண்ணுதான் வரும். பேர் எழுதினதைத்தான் எண்ணுவாங்க, ஆறாவது மாசம் நின்னு போனதை இல்லை.

எண்ணிக்கையை நிஜமாவே அசைச்சது ஃபீஸை எடுத்ததுதான். 1980கள்ல கடன் நெருக்கடியில பல நாடுகள் பள்ளிச் செலவைப் பெத்தவங்க தலையில ஏத்தினாங்க. காசு ஒரு புள்ளைக்குத்தான் இருக்குன்னா எந்தப் புள்ளை போகும்னு நான் சொல்லணுமா? மலாவி 1994லயும், உகாண்டா 1997லயும், கென்யா 2003லயும் தொடக்கக் கல்வி ஃபீஸை நீக்கினாங்க. உகாண்டாவுல முதல்ல குடும்பத்துக்கு நாலு புள்ளைங்க இலவசம், அதுல ரெண்டு பொண்ணா இருக்கணும்னு சேத்தாங்க. ஒரே வருஷத்துல மாணவர் எண்ணிக்கை சுமார் 30 லட்சத்துலேர்ந்து 50 லட்சத்தைத் தாண்டிடுச்சு. மரத்தடியில வகுப்பு, ஒரு டீச்சருக்கு நூறு புள்ளைங்கங்கிறதும் கூடவே வந்துச்சு. அது தனிக் கதை.

லெசோத்தோவும் 2000லேர்ந்து வருஷத்துக்கு ஒரு வகுப்பா ஃபீஸை நீக்கி, 2010ல சட்டம் போட்டு கட்டாயமாக்கிடுச்சு. பையன்களும் வர ஆரம்பிச்சாங்க. தொடக்கப் பள்ளியில இடைவெளி பெரும்பாலும் மூடிடுச்சு. உயர்நிலையில இன்னும் பொண்ணுங்கதான் அதிகம்.

அப்போ அங்கே பொண்ணு ராஜ்ஜியம்னு நினைச்சா, அதான் இல்லை. இத்தனை படிச்ச பொண்ணு கல்யாணம் ஆனதும் சட்டப்படி மைனர்! புருஷன் சம்மதம் இல்லாம கடன் வாங்க முடியாது, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட முடியாது. சுரங்கத்துக்குப் போனவன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், ஆனா கையெழுத்து அவனோடது. கல்யாணமான பெண்ணுக்கும் சம உரிமைன்னு சட்டம் வந்தது 2006லதான். குறியீட்டுல பையன்களை முந்தி எத்தனையோ வருஷம் கழிச்சு.

மலைக் கிராமங்கள்ல மேய்ப்பர் பையன்களுக்குன்னு ராத்திரிப் பள்ளிக்கூடங்கள் நடக்குது. மாட்டைப் பட்டியில அடைச்சுட்டு, அதே கம்பளியைப் போத்திக்கிட்டு வந்து உக்கார்றாங்களாம்.