லூவரின் வாசல்: யாருக்காகத் திறந்தது?

1793 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸின் லூவர் அரண்மனை பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நாள் யோசித்துக் குறிக்கப்பட்டதுதான். சரியாக ஓராண்டுக்கு முன்பு, அதே நாளில், மக்கள் துயிலரி அரண்மனைக்குள் புகுந்து மன்னராட்சியை வீழ்த்தியிருந்தனர். மன்னர் பதினாறாம் லூயியின் தலை 1793 ஜனவரியில்தான் துண்டிக்கப்பட்டிருந்தது. அரச குடும்பத்தின் உடைமைகளும் தேவாலயங்களிலிருந்து பறிமுதலானவையுமாக 537 ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன.

லூவரின் வரலாற்றை அதன் ஓவியங்களை வைத்தும் எழுதலாம், 1190 வாக்கில் கோட்டையாக எழும்பிய கட்டடத்தை வைத்தும் எழுதலாம். இக்கட்டுரை அதன் வாசலை எடுத்துக்கொள்கிறது. எந்தக் காலத்தில் யாரை உள்ளே விட்டார்கள்?

புரட்சி ஒரே நாளில் இந்த வாசலைத் திறந்துவிட்டது என்று சொல்வது சரியாகாது. அரண்மனைகளில் முடங்கிக் கிடக்கும் ஓவியங்களை லூவரில் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று கலை விமர்சகர் லா ஃபோன் த சேன்-யென் 1747-லேயே எழுதினார். 1750-இல் லக்சம்பர்க் அரண்மனையில் சுமார் நூறு அரச ஓவியங்கள் வாரத்தில் இரண்டு நாள் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. அது 1779-இல் மூடப்பட்டது. அக்காலத்து அரசுக் கட்டடங்களின் தலைமை அதிகாரி தான்ழிவிலே, லூவரின் நீண்ட கூடத்தை அருங்காட்சியகமாக்கத் திட்டமிட்டார். மன்னராட்சி தொடங்கி முடிக்காமல் விட்ட வேலையைத்தான் புரட்சி முடித்து வைத்தது.

முடித்தாலும், வாசல் எல்லாருக்கும் ஒன்றுபோல் திறக்கவில்லை. புரட்சி நாள்காட்டியின் பத்து நாள் வாரத்தில் பொதுமக்களுக்கு மூன்று நாள்தான் கிடைத்தது. அதைவிடக் கூடுதலான நாள்கள், பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகும் ஓவியர்களுக்குப் போயின. பின்னால் பல பத்தாண்டுகள் பாரிஸ் மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. மற்ற நாள்களில் ஓவியர்கள் வந்தார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிய வெளிநாட்டவரும் வந்தார்கள். அயலாருக்குத் தனிச் சலுகை இருந்த காலம் அது.

உள்ளே இருந்த செல்வம் எப்படி வந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். வெனிஸில் சான் ஜோர்ஜோ மஜோரே மடத்தின் உணவுக்கூடத்துக்காக வெரோனேசே 1563-இல் வரைந்து முடித்த ‘கானாவூர்க் கல்யாணம்’ ஏறக்குறைய 7 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. தண்ணீர் திராட்சை ரசமான விவிலியக் கதையை, வெனிஸ் நகரத்துப் பணக்கார விருந்தாகவே தீட்டியிருக்கிறார். நடுவில் இயேசு அமர்ந்திருக்க, அவருக்கு முன்னால் இசைக் கலைஞர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 1797-இல் நெப்போலியனின் படை அதைச் சுவரிலிருந்து இறக்கி, துண்டுகளாக்கிப் பாரிஸுக்கு அனுப்பியது. நெப்போலியன் வீழ்ந்தபின், 1815-இல், கொள்ளை போனவற்றில் ஆயிரக்கணக்கானவை உரியவர்களிடம் திரும்பின. இந்த ஓவியமோ பயணத்தைத் தாங்காது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளப்பட்டது. ஈடாக வெனிஸுக்குக் கிடைத்தது பிரெஞ்சு ஓவியர் லெ ப்ரூன் வரைந்த ஓர் ஓவியம். இந்த மாற்று நியாயமானதல்ல. பிரெஞ்சு மக்களுக்கு வாசல் திறந்த அதே ஆண்டுகளில் இன்னொரு நகரத்தின் சுவர் வெறுமையானது என்பதை மறைக்கக் கூடாது.

இதே ஓவியத்தின் முன்னால்தான் எமில் ஸோலா ஓர் ஏழைக் கல்யாணக் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1877-இல் நூலாக வந்த அவருடைய ‘லஸொமுவார்’ நாவலில், மழையால் ஊருக்கு வெளியே போக முடியாத சலவைத் தொழிலாளி ஜெர்வேஸின் கல்யாண வீட்டார் லூவருக்குள் நுழைகிறார்கள். பளபளக்கும் தரை அவர்களுக்கு வழுக்குகிறது. பிரதி எடுக்கும் ஓவியர்கள் இவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். படத்தில் என்ன கதை என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கலாமே என்று ஜெர்வேஸ் நினைக்கிறாள். வெளியே போகும் வழி தெரியாமல் கூட்டம் கூடம் கூடமாக அலைகிறது. நுழைய அனுமதி இருந்தும், அந்த இடம் தங்களுக்கானது என்று அவர்களால் உணர முடியவில்லை. அருங்காட்சியகங்கள் இன்றும் எதிர்கொள்ளும் குறையை ஸோலா அன்றே கண்டுகொண்டார்.

1922-இல் நுழைவுக் கட்டணம் வந்தது. 1981-இல் அதிபர் மித்தரான் விரிவாக்கத்தை அறிவித்தார். ஐ. எம். பெய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிட் 1989-இல் புதிய வாசலாயிற்று. அதுவரை ஒரு பகுதியைத் தன்வசம் வைத்திருந்த நிதி அமைச்சகம் வெளியேற, ரிஷெல்யூ பகுதி 1993-இல், இருநூறாவது ஆண்டில், பார்வையாளருக்குத் திறந்தது. 2018-இல் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வந்தனர். மோனாலிசா இருக்கும் அறையில்தான் நெரிசல் மிகுதி. அதன் எதிர்ச்சுவரில் தொங்கும் கானாவூர்க் கல்யாணத்துக்கு முதுகைக் காட்டியபடி பெரும்பாலோர் செல்போனை உயர்த்திப் பிடிக்கிறார்கள்.

2026 ஜனவரியில் வாசலின் கணக்கு மீண்டும் மாறியது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்குக் கட்டணம் 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்ந்தது. ஒருகாலத்தில் பாஸ்போர்ட்டுக்குக் கிடைத்த சலுகை இன்று கூடுதல் கட்டணமாகிவிட்டது. சென்னையிலிருந்து போகிறவருக்கும் இதே கட்டணம்தான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், அனுமதி இலவசம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.