வென்டிலேட்டரை எடுத்தா கொலைக் கேஸா? ஒரு பயத்தின் வரலாறு

ஐசியூ வாசல்ல அடிக்கடி கேக்குற கேள்வி இது: "டாக்டர், பொழைக்க மாட்டாருன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் மெஷினை எடுக்க மாட்டேங்குறீங்க?"

நேர்மையான பதில்: சட்ட பயம். இந்த பயத்துக்கு அம்பது வருஷ வரலாறு இருக்கு. நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

1975, அமெரிக்காவின் நியூஜெர்சி. கேரன் ஆன் குயின்லன், வயசு 21. மூச்சு நின்னு, மூளைக்கு ஆக்சிஜன் போகாம, மாசக்கணக்கா வென்டிலேட்டர்ல இருந்தாங்க. அப்பா ஜோசப் எடுத்துடச் சொன்னார். டாக்டர்கள் மறுத்தாங்க. கீழ்க்கோர்ட்டும் மறுத்தது.

1976 மார்ச் 31-ல் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. இந்தத் தீர்ப்பை எல்லாரும் "நோயாளியின் உரிமை"ன்னுதான் படிக்கிறாங்க. எனக்கு முக்கியமாப் படுறது வேற பகுதி: மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் ஒத்துக்கிட்டா, அதில் பங்கெடுத்த யார் மேலயும் சிவில், கிரிமினல் பொறுப்பு கிடையாது. (வென்டிலேட்டரை எடுத்த பிறகும் கேரன் தானா மூச்சுவிட்டு 1985 வரை உயிரோட இருந்தாங்க. எங்க கணிப்பு எல்லாம் அவ்வளவுதான்!)

அதே வருஷம் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. கடைசிக் காலத்துல என்ன சிகிச்சை வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அதன்படி நடந்த டாக்டருக்கும், அவர் சொல்லிச் செய்த ஊழியருக்கும் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல்.

அதோட பயம் போச்சா? இல்ல. அதே கலிஃபோர்னியாவில், 1981-ல் ஒரு ஆபரேஷன் முடிஞ்சு ரெக்கவரி ரூமுக்கு வந்த நோயாளிக்கு இதயம் நின்னு, கோமா. அவர் சட்டப்படி எதுவும் எழுதி வைக்கல. குடும்பம் எழுத்துமூலமா கேட்டுக்கிட்டதால வென்டிலேட்டரை எடுத்தாங்க. பிறகு டிரிப்பையும் டியூபையும் எடுத்தாங்க. அவர் இறந்துட்டார். ஒரு நர்ஸ் புகார் கொடுக்க, நீல் பார்பர், ராபர்ட் நெஜ்டில்னு இரண்டு டாக்டர்கள் மேல கொலை வழக்கு!

1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை நிறுத்தியது. அது சொன்ன காரணம் எங்க ஆளுங்க எல்லாரும் படிக்க வேண்டியது. மெஷின் தள்ளுற ஒவ்வொரு மூச்சும், சொட்டுற ஒவ்வொரு சொட்டும் கையால் போடுற ஒரு ஊசி மாதிரி. நிறுத்துறதுன்னா அடுத்த ஊசியைப் போடாம இருக்குறது. பலனில்லாத சிகிச்சையைத் தொடர டாக்டருக்குக் கடமை இல்ல. கடமை இல்லாத இடத்தில் குற்றமும் இல்ல. 1993-ல் இங்கிலாந்தின் ஆன்டனி பிளாண்ட் வழக்கிலும் கிட்டத்தட்ட இதே வாதம். அந்த பிளாண்ட் தீர்ப்பு வழியாத்தான் இது நம்ம உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

இங்கே? 2006-லேயே சட்ட ஆணையம் 196-வது அறிக்கையில் ஒரு மசோதா வரைஞ்சு கொடுத்தது. அதோட தலைப்பிலேயே "நோயாளிகள், மருத்துவர்கள் பாதுகாப்பு"ன்னு இருக்கும். நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கல.

2011-ல் அருணா ஷான்பாக் வழக்கு. உயர் நீதிமன்ற அனுமதி வாங்கினா நிறுத்தலாம்னு தீர்ப்பு. வென்டிலேட்டர்ல இருக்குறவருக்கு எந்தக் குடும்பம் ஹைகோர்ட் போகும்? 2018-ல் அரசியல் சாசன அமர்வு அதை மாத்தி, 20 வருஷ அனுபவம் உள்ள நிபுணர்கள், கலெக்டர் அமைக்குற இரண்டாவது போர்டு, நேரில் வந்து பார்க்குற மாஜிஸ்திரேட்னு வச்சது. நடைமுறையில் நடக்காத காரியம். 2023 ஜனவரியில்தான் இறங்கி வந்தாங்க: 5 வருஷ அனுபவம் போதும், இரண்டு போர்டையும் மருத்துவமனையே அமைக்கலாம், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தா போதும்.

இதை "கருணைக்கொலை"ன்னு எழுதுற பத்திரிகை நண்பர்களே, தயவுசெஞ்சு நிறுத்துங்க. அந்த 'கொலை'ங்குற வார்த்தைதான் டியூட்டி டாக்டர் கையைக் கட்டுது.

இன்னிக்கும் வார்டுல பெரும்பாலும் நடக்குறது "ஏ.எம்.ஏ."தான். டாக்டர் பேச்சை மீறிக் கூட்டிட்டுப் போறோம்னு குடும்பமே கேஸ் ஷீட்டில் கையெழுத்து. டாக்டர் சேஃப். நோயாளிக்கு? மார்ஃபின் இல்ல, ஆக்சிஜன் இல்ல, வீட்டுக்குப் போற வழியில மூச்சுத் திணறல்.

2025-ல் கர்நாடகா 2023 தீர்ப்பை நடைமுறைப்படுத்த உத்தரவு போட்டது. டாக்டர் நண்பர்களே, இரண்டாவது போர்டுக்கு உங்க மாவட்டத்தில் யாரை நியமிச்சிருக்காங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதிலை கீழே எழுதுங்க.