டி உயிரணுச் சோர்வு

டி உயிரணுச் சோர்வு என்பது, உடலை விட்டு நீங்காமல் நெடுங்காலம் தங்கும் வைரஸ் தொற்றுகளில், அவ்வைரஸை அழிக்க வேண்டிய டி உயிரணுக்கள் படிப்படியாகச் செயல்திறனை இழக்கும் நிலையாகும். தைமஸ் சுரப்பியில் முதிரும் வெள்ளையணுக்களான இவற்றுள், சிடி8 என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கியவை வைரஸ் புகுந்த உயிரணுக்களை இனங்கண்டு கொல்கின்றன. விரைவில் அடங்கும் தொற்றில் இவை பெருகி, வைரஸை ஒழித்தபின் பெரும்பாலும் மடிந்துபோக, எஞ்சிய சில நினைவு உயிரணுக்களாக நிலைத்து, அதே வைரஸ் மீண்டும் நுழையும்போது உடனே எதிர்க்கின்றன. வைரஸ் நீங்காதபோது இந்த ஒழுங்கு குலைகிறது.

ஆய்வு வரலாறு

இதைப் பற்றிய அறிவு பெரிதும் சுண்டெலிகளைத் தொற்றும் எல்.சி.எம். வைரஸைக் கொண்டே வளர்ந்தது. அதன் ஆம்ஸ்ட்ராங் வகை ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கிவிட, அதிலிருந்து தோன்றி 1984இல் விவரிக்கப்பட்ட குளோன் 13 வகை மாதக்கணக்கில் தங்குகிறது. வைரஸ் மிகுதியாகப் பெருகும்போது அதை எதிர்க்கும் டி உயிரணுக்கள் மறைந்துபோவதை 1993இல் வெளியான ஆய்வும், மறையாமல் எஞ்சுபவை செயலற்றிருப்பதை 1998இல் வெளியான ஆய்வும் காட்டின.

செயல்முறை

வைரஸ் புரதங்களின் தூண்டல் ஓயாது தொடர்வதே சோர்வுக்கு முதற்காரணம். டி உயிரணு பெருகத் துணைபுரியும் இன்டர்லியூக்கின்-2ஐச் சுரக்கும் திறன் முதலிலும், வைரஸை ஒடுக்கும் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கும் திறன் பின்னரும் குன்றுகின்றன. கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் குழு 1992இல் கண்டறிந்த பிடி-1 என்னும் தடை ஏற்பி, சோர்வுற்ற உயிரணுக்களில் மிகுந்து காணப்படுகிறது. அத்தடையை எதிர்ப்பொருளால் நீக்கினால் அவற்றின் திறன் ஓரளவு மீள்வதை 2006இல் எலிகளில் நிறுவிய ஆய்வே, பிடி-1உடன் இணையும் பிடி-எல்1 புரதம் இல்லாத எலிகள் குளோன் 13 தொற்றியபோது, கட்டுப்பாடற்ற எதிர்ப்பால் திசுக்கள் சிதைந்து இறந்ததையும் காட்டியது. எனவே சோர்வு வெறும் தோல்வியன்று. வைரஸை ஒழிக்க இயலாத நிலையில் உடல் தன் திசுக்களைத் தானே அழித்துக்கொள்ளாதிருக்க இடும் கட்டுப்பாடுமாகும்.

மருத்துவ முக்கியத்துவம்

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய தொற்றுகளிலும், புற்றுநோய்க் கட்டிகளிலும் இந்நிலை காணப்படுகிறது. பிடி-1 தடைநீக்க மருந்துகள் 2014 முதல் புற்றுநோய்க்குப் பயன்படுகின்றன. இத்தகைய தடைநீக்கச் சிகிச்சைக்கு வழிவகுத்ததற்காக ஹோஞ்சோவுக்கும், அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் சோர்வின் தடம் மரபணுக்கள் இயங்கும் முறையிலேயே பதிந்துவிடுவதால், தடை நீங்கிய பின்னும் இவ்வுயிரணுக்கள் முழுமையான நினைவு உயிரணுக்களாக மாறுவதில்லை. ஆதலால் தொற்று நிலைபெறுமுன் தடுப்பதே உறுதியான வழி. எடுத்துக்காட்டாக, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.