பாசறையும் உயிர்காப்புப் படகும்

மாணவர்களை மலையடிவாரத்திற்கோ ஏரிக்கரைக்கோ அழைத்துச் சென்று, கயிற்றில் ஏறவும் படகு வலிக்கவும் செய்து, குழு உணர்வையும் தலைமைப் பண்பையும் வளர்க்கும் பாசறைகள் இன்று நமக்குப் புதியன அல்ல. மூன்று நாள் முடிந்ததும் சான்றிதழும் கிடைத்துவிடுகிறது. இம்முறைக்கு வித்திட்டோருள் முதன்மையானவரைத் தேடினால், வரலாறு நம்மை ஜெர்மனிக்கு அழைத்துச் செல்கிறது.

கர்ட் ஹான் 1886-இல் பெர்லினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். இளமையில் வெயில் தாக்கியதால் வாழ்நாள் முழுவதும் வெயிலுக்கு அஞ்சியவர். அத்தகையவர் இளைஞரைத் திறந்தவெளிக்கு அனுப்புவதைக் கல்வியின் உயிர்நாடியாகக் கொண்டது வியப்பே! 1920-இல் பாடன் இளவரசர் மாக்ஸுடன் சேர்ந்து சாலெம் என்னும் ஊரில், பழைய சிஸ்டர்சியத் துறவு மடத்தின் கட்டடத்தில் பள்ளி தொடங்கினார். பாடத்தோடு மலைப் பயணமும் உடற்பயிற்சியும் பொறுப்பேற்றலும் அங்கே கற்பிக்கப்பட்டன.

1932 ஆகஸ்டில் பொட்டெம்பா என்னும் சிற்றூரில் தொழிலாளி ஒருவரை அவருடைய தாயின் கண்ணெதிரே நாத்சிகள் மிதித்துக் கொன்றனர். மரண தண்டனை பெற்ற கொலையாளிகளுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி அனுப்பினார். ஹான் தம் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார்: சாலெமா, ஹிட்லரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்க என்பதே அதன் சாரம். 1933 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். பிரிட்டனிலிருந்து வந்த முறையீடுகளால் விடுதலையாகி, அவ்வாண்டே அந்நாட்டுக்குப் புலம்பெயர்ந்தார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். கூடாரம், தீமூட்டம், கூட்டுப் பாடல், நெடும் நடை ஆகிய இவை அனைத்தும் ஹிட்லர் இளைஞர் படையிலும் இருந்தன. கத்தோலிக்க இளைஞர் இயக்கங்களுக்கும் அந்நாட்டில் மலைநடையும் பாசறையும் மரபாகவே இருந்தன. 1935 ஜூலையில் வந்த காவல்துறை ஆணை, சமயம் சார்ந்த இளைஞர் குழுக்கள் சீருடை அணிவதையும் கூட்டாக நடைப்பயணம் செல்வதையும் கூடாரமிடுவதையும் தடை செய்தது. செபிக்கலாம், மலையேறக்கூடாது! அரசு எதற்கு அஞ்சியது என்பது இதனால் விளங்கும். 1936 டிசம்பர்ச் சட்டம் ஜெர்மானிய இளைஞர் அனைவரையும் ஹிட்லர் இளைஞர் படைக்கு உரியவராக்கியது. கூடாரம் தன்னளவில் எவரையும் நல்லவராக்குவதில்லை; அங்கே யாருக்காக வலிமை சேர்க்கப்படுகிறது என்பதே வினா.

ஹான் தந்த விடை கடலில் கிடைத்தது. 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவிய அவர், போர்க்காலத்தில் லிவர்பூல் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டுடன் இணைந்தார். நீர்மூழ்கிகள் தாக்கிக் கப்பல்கள் மூழ்கியபோது, உயிர்காப்புப் படகுகளில் உடல்வலிமை மிக்க இளம் மாலுமிகள் மடிந்தனர். வயது முதிர்ந்தோர் பிழைத்தனர். இதுவே ஹோல்ட்டின் கவலை. குறைந்தது தசை வலிமை அன்று. தன்னிடத்தும் பக்கத்தில் இருப்பவனிடத்தும் கொள்ளும் நம்பிக்கையே என்று அவர் கருதினார். 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் பயிற்சிப் பள்ளி எழுந்தது. துறைமுகம் நீங்கிப் பெருங்கடல் நோக்கும் கப்பலைக் குறிக்கும் ‘அவுட்வார்டு பவுண்ட்’ என்னும் பெயரும் இட்டனர்.

ஏறக்குறைய நான்கு வாரப் பயிற்சி அது. கப்பற்பணி இளைஞரும் தொழிற்சாலைப் பயிலுநரும் பள்ளி மாணவரும் ஒரே குழுவில் சேர்க்கப்பட்டனர். வகுப்பு வேற்றுமை மலிந்த அந்நாட்டில் இது சிறு செய்தியன்று. பாய்மரப் படகு, திசைகாட்டியுடன் நெடும் நடை, மலைத்தொடர்களைக் கடக்கும் பயணம் எனப் பலவும் இருந்தன. ஆயினும் ஹான் நெஞ்சில் முதலிடம் பெற்றது மீட்புப் பயிற்சியே. ஆபத்தில் இருப்பவனுக்கு உதவ ஆயத்தமாவதே இளைஞனின் உள்ளத்தைத் திருப்பும் என்று அவர் நம்பினார். தலைவன் என்பவன் முன்னே ஓடுபவன் அல்லன், பின்தங்கியவனோடு நிற்பவன் என்று நமக்குத் தோன்றுவது இதனாலேயே.

பின்னாளில் வணிக நிறுவனங்கள் இம்முறையை எடுத்துக்கொண்டு மேலாளர்களுக்குப் பயிற்சியளித்தன. ‘தலைமைப் பண்பு’ என்ற சொல் அதன்பின் பெரும்பாலும் பதவி உயர்வின் மொழியாயிற்று. மீட்புப் பயிற்சி பல இடங்களில் விளையாட்டாகச் சுருங்கியது நமக்கு வருத்தமே.

சிங்கப்பூரில் 1967-இல் உபின் தீவில் இப்பள்ளி தொடங்கப்பெற்றது. 2017 முதல் உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கான ஐந்து நாள் பயிற்சியும் நடைபெற்று வருகிறது. வெவ்வேறு பள்ளிகளின் மாணவர்களை அங்கே கலந்து குழு அமைக்கின்றனர். தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் அதுவரை அறிந்திராத தோழரோடு சேர்ந்து சமைத்து, ஒரே கூடாரத்தில் உறங்குகின்றனர்.